வாவிக்கரை மேசையில் பிள்ளைகளுக்கும் ஓர் இடம்

“பிள்ளைகள் கொஞ்சம் பெருசாகட்டும், பிறகு போவம்.” மட்டக்களப்பில் வாவிக்கரையில் இருக்கிற நல்ல ரெஸ்டோரண்ட் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடலாமா என்று யாரிடம் கேட்டாலும் அனேகமாக இந்தப் பதில்தான் வரும். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டரை. அவர்கள் பெரிதாகும்வரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் உட்கார்ந்து, நல்ல மீனை நிதானமாகச் சாப்பிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கதைப்பது பெரியவர்களுக்கு மட்டும் எழுதி வைத்த சுகம் இல்லை. பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கைச் சண்டை சச்சரவு இல்லாமல், ஆபத்தில்லாமல் எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

இதில் நான் ஏன் இவ்வளவு உறுதியாக இருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வயதுக்காரர்கள் வாவிக்கரையில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் பின்னேரத்தில் வாவியைப் பார்த்து வளரவில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கல்லடிப் பாலத்தில் சோதனைச்சாவடி. வாவியின் இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. போரில் இரண்டு கரையையும் இரண்டு தரப்பு வைத்திருந்த காலம் 2007 வரைக்கும் போனது. அக்கரையில் சொந்தம் இருந்தவர்கள் மண்முனைத்துறையில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் போய்வந்தார்கள். அங்கே பாலம் வந்தது 2014இல். சண்டை ஓய்ந்த இடைவெளிகளில் கரையோரத்தில் ஒன்றிரண்டு நல்ல சாப்பாட்டு இடங்கள் இருந்தன. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்ய வந்த வெளியூர்க்காரரும் வெளிநாட்டவரும். நாங்கள் பஸ்ஸில் போகும்போது அந்த வெளிச்சத்தைப் பார்ப்போம், அவ்வளவுதான்.

அதற்குள் 2004 டிசம்பர் 26, சுனாமி வந்தது. நாவலடியும் கல்லடிக் கடற்கரையும் என்ன ஆனது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த நிலம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கிற ஒரு துண்டு. அதன் பிறகு பல வீடுகளில் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் கூட்டிப் போவது என்பதே கதைக்கக் கூடாத விஷயமாகிவிட்டது. என் மாமி, கணவரின் அம்மா, நீண்ட காலம் கடற்கரைப் பக்கமே வரவில்லை. வாவிக்கரைக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே, ஒரு வாவிக்கரை மேசையில் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று பிள்ளை குட்டிகளோடு, அம்மம்மா அப்பம்மாவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனது நிறைந்துவிடும். பணம் இருக்கிறதா இல்லையா என்பது வேறு கதை. அந்த இடம் நம்முடையதும்தான் என்று உடம்புக்குத் தெரிவது லேசில் நடக்கிற காரியமில்லை. கதவைத் தாண்டும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்கிற, பிள்ளை கரண்டியைக் கீழே போட்டால் உலகமே திரும்பிப் பார்க்கிறது என்று கூசிப்போகிற அம்மாக்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சம் என் பிள்ளைகளுக்கு ஒட்டக் கூடாது. சின்ன வயதிலேயே உள்ளே போய்ப் பழகினால் ஒட்டாது.

சரி, எப்படிப் போவது?

நேரம்தான் முதல் காரியம். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு, எட்டுக்கு என்று பெரியவர்கள் கணக்குப் போட்டால் பிள்ளைகளோடு சரிவராது. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு ஆறு மணிக்குப் பசிக்கும், ஏழரைக்குத் தூக்கம் வரும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் சாப்பாடு முடிய வேண்டும். நம் ஊரில் வருடம் முழுக்கச் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் விழுகிறது, பெரிய வித்தியாசமில்லை. ஐந்தரைக்குப் போய் உட்கார்ந்தால் வெளிச்சமும் இருக்கும், மேசையும் காலியாக இருக்கும், வெயிட்டர்களும் ஓடித் திரியாமல் ஆறுதலாக நிற்பார்கள். ஒரே சிக்கல், சில இடங்களில் ஏழு மணிக்குத்தான் இரவு மெனு தொடங்கும். அதற்கு முதல் தேநீரும் சிற்றுண்டியும் மட்டும்தான். இதை வீட்டிலிருந்தே போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும். “சின்னப் பிள்ளைகளோட வாறம், ஆறு மணிக்குச் சோறு தர ஏலுமா?” என்று நேராகக் கேட்டால், பெரும்பாலும் சமையலறையில் கதைத்துவிட்டு ஆம் என்பார்கள். இல்லை என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள். மதியம் வாவி அவ்வளவு வடிவாக இருக்காது, ஆனால் பிள்ளைகள் நல்ல குணத்தில் இருப்பார்கள்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை பிடித்தால் கரையோர மேசை என்பது பேச்சுக்கு மட்டும்தான். வைகாசி தொடங்கி ஆவணிவரை கச்சான் காற்று வேறு. மேற்கே இருந்து, மலைகளைத் தாண்டி, காய்ந்து சூடாகி வருகிற காற்று அது. கல்லடிப் பக்கத்து வாவிக்கரையில் மேற்குப் பார்த்த மேசை என்றால் நேரே முகத்தில் அடிக்கும். டிஷ்யூ பறக்கும், சோறு காயும், பிள்ளை காரணம் தெரியாமல் சிணுங்கும். பெரியவர்கள் பிள்ளையை அதட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்குச் சூடு பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அப்படியான நாளில் உள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு, காற்று தணிந்த பிறகு கரைக்கு ஒரு நடை போகலாம்.

நுளம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. விடிகாலையிலும் பொழுது சாயும் முன்னும் கூடுதலாகக் கடிக்கும். நாம் போய் உட்கார்கிற நேரமும் அதுதான். பிள்ளைகளுக்கு நீளக் காற்சட்டை போட்டு, கணுக்காலுக்கு மருந்து பூசிக்கொண்டு போங்கள். மேசைக்குக் கீழேதான் அது வேலை பார்க்கும்.

இனி முக்கியமான விஷயம். மேசை.

எல்லாரும் தண்ணீரோடு ஒட்டிய மேசையைத்தான் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் தடுப்பைப் பார்க்க வேண்டும், பிறகுதான் காட்சியை. நம் பக்கத்தில் சில மரத் தளங்களில் கம்பங்களை நட்டு இடையில் கயிறு கட்டி விட்டிருக்கிறார்கள். படம் எடுத்தால் அழகாக இருக்கும். இரண்டரை வயதுப் பிள்ளை அந்தக் கயிற்றுக்குக் கீழால் குனியாமலே போய்விடும். தடுப்புக் கம்பிகளுக்கு இடையில் 10 சென்டிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது பல நாடுகளில் கட்டட விதி. சின்னப் பிள்ளையின் தலை நுழையக் கூடாது என்பதற்காக வைத்த அளவு அது. அளவுகோல் தேவையில்லை. உங்கள் கையைப் பொத்தி முட்டியை இடையில் விட்டுப் பாருங்கள். தாராளமாகப் போய் வந்தால் அந்த மேசை வேண்டாம். குறுக்குக் கம்பிகள் ஏணிப்படி மாதிரி இருந்தாலும் வேண்டாம், ஏறுவார்கள். தடுப்புக்குப் பக்கத்தில் பூச்சட்டியோ நாற்காலியோ இருந்தால் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரில் விழுகிற பிள்ளை கத்தும், கையை அடிக்கும், நாங்கள் ஓடிப் போய்த் தூக்கலாம் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் சத்தமே வராது. மூச்செடுக்கவே வழியில்லாத பிள்ளை எப்படிக் கத்தும்? ஓரிரு நிமிடம் போதும். சின்னப் பிள்ளைக்கு ஆழமும் தேவையில்லை, சில அங்குலத் தண்ணீர் போதும். உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறப்பவர்களில் ஒன்றிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகளின் வீதம்தான் கூட என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. நம் வாவியில் முதலையும் உண்டு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆறு பெரியவர்கள் ஒரு மேசையில் இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள், கடைசியில் யாரும் பார்ப்பதில்லை. அதனால் எங்கள் வீட்டில் முறை வைத்துக்கொள்கிறோம். “இப்ப நான் பாக்கிறன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஒருவர் பொறுப்பெடுப்பார். அவர் போனைத் தொடமாட்டார். சாப்பிட வேண்டும் என்றால் அடுத்தவரிடம் சொல்லிக் கையளிப்பார். கொஞ்சம் இராணுவம் மாதிரி இருக்கிறது என்று மச்சாள் சொன்னாள். இருக்கட்டும். அவளும் இப்போது தன் பிள்ளைகளோடு அப்படித்தான் செய்கிறாள்.

எங்களுக்குப் பிடித்த மேசை தண்ணீரிலிருந்து இரண்டு வரிசை தள்ளி, சுவரோரமாக இருப்பது. அங்கிருந்தும் வாவி தெரியும். பிள்ளைகளைச் சுவர்ப்பக்கம் இருத்திப் பெரியவர்கள் வெளிப்பக்கம் இருந்தால் அவர்கள் இறங்கி ஓட எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். சமையலறைக் கதவுக்கு நேரே இருக்கிற மேசையும் கூடாது. சூடான சூப்போடு வருகிற பொடியனின் காலுக்குள் பிள்ளை ஓடினால் இரண்டு பேருக்கும் கேடு.

சாப்பாட்டுக்கு வருவோம். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மெனுவைக் கையில் வாங்கியதும் பிள்ளைகளுக்கு உரியதை உடனே சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் யாருக்கு முதல் சோறு போடுவோம்? பிள்ளைகளுக்குத்தானே. ஆனால் இந்த மாதிரி இடங்களில் சூப்பில் தொடங்கி வரிசையாகப் பரிமாறுகிற பழக்கம், எல்லாருக்கும் ஒன்றாகக் கொண்டு வருவதுதான் மரியாதை என்ற எண்ணம். பெரியவர்களின் நண்டு வேகும்வரை பிள்ளையின் சோறும் உள்ளேயே காத்துக் கிடக்கும். “தம்பி, பிள்ளைகளுக்கு முதல்ல கொண்டு வாங்க, எங்களுக்கு ஆறுதலா வரட்டும்” என்று சொன்னால் எந்த வெயிட்டரும் மறுப்பதில்லை. பல பேருக்கு வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கு உடனே புரியும்.

பிள்ளைகளுக்கென்று தனி மெனு இருந்தால் அதில் பெரும்பாலும் உருளைக்கிழங்குச் சிப்ஸ், சோசேஜ், நகட்ஸ். இந்த வாவியில் பிடித்த கொடுவாவையும் இறாலையும் சமைக்கிற ஓர் அடுக்களை, பிள்ளைகளுக்கு மட்டும் குளிர்ப்பெட்டியிலிருந்து பைக்கற்றை உடைத்துப் பொரிப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு நேரே கேட்பேன்: வெள்ளைச் சோறு, உறைப்பில்லாத பருப்பு, ஒரு முட்டைப் பொரியல், ஒரு துண்டு மீன் ஆவியில் அவித்து அல்லது வெண்ணெயில் வாட்டி. இதைச் செய்யத் தெரியாத சமையல்காரர் நம் நாட்டில் இல்லை. உறைப்பு வேண்டாம் என்றால் மிளகாயை விட்டுவிட்டு மிளகைத் தூக்கலாகப் போடுகிறவர்கள் உண்டு, ஆகவே “மிளகும் போடாம” என்று சேர்த்துச் சொல்லுங்கள். பால் சொதி கிடைக்கிற இடம் என்றால் அன்று எங்கள் வீட்டில் திருநாள்.

மீன் வாங்கும்போது துண்டு மீனாகக் கேளுங்கள். அறுக்குளா, பாரை, கொடுவா என்றால் நடுமுள் தடிப்பு, எடுத்துப் போடலாம். சின்ன மீன்களில் நூல் மாதிரி முள் இருக்கும், வெளியில் மங்கல் வெளிச்சத்தில் அதைத் தேட முடியாது. இங்கேதான் கைக்கு வருகிறேன். இந்த மாதிரி மேசைகளில் நம்மவர்கள் பலர் பிள்ளைக்குக் கையால் தீத்தக் கூச்சப்படுகிறார்கள். முள்ளுக்கரண்டியால் மீனைக் குத்தி, பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோய், பாதி சட்டையில் விழ, பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரித்துச் சமாளிக்கிறார்கள். முள்ளைக் கண்டுபிடிக்க விரல் நுனியைவிட நல்ல கருவி கிடையாது. சோற்றையும் பருப்பையும் பிசைந்து, மீனை விரலால் உதிர்த்து, முள் இருக்கிறதா என்று பெருவிரலால் அமத்திப் பார்த்து, சின்ன உருண்டையாக வாயில் வைக்கும்போது நமக்கு நிச்சயமாகத் தெரியும். போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்து தீத்துங்கள். அந்த விரிப்பின் வெள்ளை நம் கைக்கு மேலானதில்லை.

ஒரு முறை மகளுக்கு நண்டின் மேல் ஆசை வந்துவிட்டது. ஆசை ருசியில் இல்லை, அந்தப் பெரிய காலில். சிவப்பாக, பல்லுப் பல்லாக, தட்டின் விளிம்பில் கிடந்தது. பரிமாறிக்கொண்டிருந்த பொடியன் வாழைச்சேனைப் பக்கம். அவன் ஒரு கரண்டியைத் தலைகீழாகப் பிடித்தான். நண்டுக்காலைத் துணியில் சுற்றி, ஓர் இடத்தைப் பார்த்து ஒரே தட்டு. ஓடு இரண்டாகப் பிளந்தது, சதை உடையாமல் முழுதாக வெளியே வந்தது. அதைத் தட்டில் வைத்தான். பிறகு சின்னச் சில்லுகள் ஒட்டியிருக்கிறதா என்று ஓட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கழுவிக் கொண்டு வந்து, உள்ளே இருக்கிற தட்டையான நரம்பை இழுத்தால் கவ்வி திறந்து மூடும் என்று காட்டினான். மகள் அன்று சாப்பிட்டு முடிக்கும்வரை நாற்காலியை விட்டு இறங்கவில்லை. தம்பிக்காரன் கேட்டபோது “இது உனக்கு ஒண்ணா, கடிச்சிருவாய்” என்று பெரிய மனுசி மாதிரி சொன்னாள். அந்தப் பொடியனுக்கு இதையெல்லாம் யாரும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவன் வீட்டில் நண்டு உடைக்கிற கை அது.

நண்டு, இறால் பற்றி ஒரு எச்சரிக்கை. வாழ்க்கையில் முதல் தடவையாக இவற்றைப் பிள்ளைக்குக் கொடுக்கிற இடம் ரெஸ்டோரண்டாக இருக்கக் கூடாது. வீட்டில், பகலில், கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. உதடு வீங்கும், தோலில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், சத்தி எடுப்பார்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், நகருக்குள்ளேயே போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே முழு முந்திரிப்பருப்பு, வறுத்த கச்சான் கடலை, முழு முந்திரிகைப் பழம் எதுவும் வேண்டாம். தொண்டைக்குள் அடைப்பவை இவை. டெவல் போட்ட கறிகளில் முந்திரிப்பருப்பை மேலே தூவி வருவார்கள், கவனித்து எடுத்துவிடுங்கள். சோசேஜ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வட்ட வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் கீறி வெட்டுங்கள்.

சாப்பாடு வரும்வரை என்ன செய்வது? போனைக் கொடுத்தால் அமைதியாக இருப்பார்கள், தெரியும். நாங்கள் கொடுப்பதில்லை. முன்னால் இவ்வளவு பெரிய வாவி கிடக்கிறது. நீளம் சுமார் 56 கிலோமீற்றர். தோணியில் நின்றபடி ஒருவர் வீச்சுவலையைத் தோளில் அடுக்கி, ஒரு ஓரத்தைப் பல்லில் கவ்வி, உடம்பைத் திருப்பி வீசுகிறார். வலை வட்டமாக விரிந்து விழுகிற அந்த ஒரு கணத்துக்காக மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். நீர்க்காகம் மூழ்கினால் எங்கே எழும்பும் என்று பந்தயம் கட்டுவோம். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தையும் 2013இல் திறந்த புதுப் பாலத்தையும் காட்டினால் மகள் எது ஆருடையது என்று கேட்பாள். பாடும் மீன் கதையையும் சொல்லி வைத்திருக்கிறேன். நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும் என்று. அன்றிலிருந்து குளிர்பானக் குழாயைத் தம்ளரில் விட்டுக் காதில் வைத்துக் கேட்கிறாள்.

மாமி எங்களோடு வந்தது போன வருடம்தான். எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டோம். “நீங்க போங்க மனே, எனக்கு வீட்டில பிட்டு இருக்கு” என்பார். பேத்தி கையைப் பிடித்து இழுத்த பிறகு வந்தார். தண்ணீருக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. சாப்பாடு பாதியில் மகன் சிணுங்க, அவனைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். எழும்பியவர் கிறுகி வாவியைப் பார்த்தபடி நின்றார். சூரியன் நகரத்துக்கு அப்பால், படுவான்கரைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. “ஆறு மணிக்குப் பிறகு இந்தக் கரையில நாங்க நின்டதே இல்ல” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. சமையல் குறிப்புச் சொல்கிற அதே குரலில் சொன்னார். மறுகா, “இவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேளு புள்ள” என்றார். என் பிள்ளைகள் வளர்ந்த பிறகு போகலாம் என்று நான் நினைத்திருந்தால், மாமி அந்த இடத்தில் நின்றிருப்பாரா தெரியாது.

எல்லா இடமும் நம்மை ஒரே மாதிரி வரவேற்பதில்லை. ஓர் இடத்தில் முன்கூட்டியே மேசை சொல்லி வைத்துவிட்டுப் போனோம். பிள்ளைகளைக் கண்டதும் வாசலில் நின்றவரின் முகம் மாறியது. கரையோரம் பாதி மேசை வெறுமையாகக் கிடந்தது. எங்களைக் கழிவறைக்குப் போகிற வழியில் ஒரு மூலையில் இருத்தினார்கள். கேட்டபோது “பிள்ளைகளோட வசதியா இருக்கும்” என்றார்கள். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டோம். பணம் கொடுத்துச் சாப்பிட வருகிறவரின் மடியில் பிள்ளை இருந்தால் அவர் அரை விருந்தாளி ஆகிவிட மாட்டார். அமைதி வேண்டி வருகிறவர்களுக்கும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. பிள்ளை நிறுத்தாமல் அழுதால் நானோ கணவரோ தூக்கிக்கொண்டு வெளியே தோட்டத்துக்குப் போய்விடுவோம், அது எங்கள் கடமை. ஆனால் அழ முதலே மூலைக்கு அனுப்புவது வேறு.

இதில் காத்தான்குடிப் பக்கமிருந்து வருகிற குடும்பங்களைப் பார்த்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன். மூன்று தலைமுறை ஒரே நீள மேசையில் இருக்கும். மூத்தம்மா நடுவில். கைப்பிள்ளை ஒரு மடியிலிருந்து அடுத்த மடிக்குப் போய்க்கொண்டே இருக்கும், ஒருவர் மாறி ஒருவர் சாப்பிடுவார்கள். கூச்சமும் இல்லை, ஆரவாரமும் இல்லை. ஹலால் இருக்கிறதா, மதுச்சாலை எந்தப் பக்கம் என்று முதலிலேயே கேட்டு, தள்ளி ஒரு மேசை எடுப்பார்கள். அந்தக் கேள்விகளை நானும் கேட்கத் தொடங்கிவிட்டேன். பிள்ளைகளோடு போகிற யாருக்கும் மதுச்சாலைக்குத் தள்ளி இருப்பது நல்லதுதான்.

பணக் கதை. மெனுவில் போட்டிருக்கிற விலை கடைசி விலை இல்லாமல் இருக்கலாம். வழக்கமாக 10 சதவீதம் சேவைக் கட்டணம், வரிப் பதிவுள்ள இடம் என்றால் 2024 தை மாதத்திலிருந்து 18 சதவீத வற் வரி. இரண்டும் விலையில் அடங்கியிருக்கிறதா, மேலே வருமா என்று உட்காரும்போதே கேளுங்கள். மேலே வந்தால் பில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் கூடும். சின்னப் பிள்ளைக்குத் தனித் தட்டு வாங்கத் தேவையில்லை, ஒரு வெறும் தட்டுக் கேட்டுப் பகிரலாம். மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்லலாம், யாரும் குறைவாக நினைப்பதில்லை. எழும்ப முதல் நாற்காலிக்குக் கீழே கிடக்கிற சோற்றைப் பெரிதாகத் தெரிகிற அளவுக்காவது டிஷ்யூவில் கூட்டி எடுத்துவிடுவேன். துடைக்கிற பொடியனின் கையில் தனியாகவும் கொஞ்சம் கொடுப்பேன்.

பாசிக்குடாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி: நகரிலிருந்து வடக்கே 35 கிலோமீற்றர் அளவு. போர் முடிந்த பிறகு எழும்பிய பெரிய ஹோட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் போவது நல்லது, இரவு திரும்பும்போது பிள்ளைகள் வாகனத்தில் வாந்தி எடுக்காமல் வந்து சேர்வார்கள். அங்கே கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கும், அதனாலேயே பெற்றோர் கண்ணை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். அறுகம்பையில் மணலில் போட்ட மேசைகள்தான் கூட. பிள்ளை தட்டைக் கவிழ்த்தாலும் மணல் வாங்கிக்கொள்ளும், ஆனால் அலை வேறு ரகம்.

கடைசியாக, கரையோரத்தில் ரெஸ்டோரண்ட் வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால். கயிற்றுத் தடுப்பின் மேல் ஒரு வலையை இழுத்துக் கட்ட அதிகம் செலவாகாது. மீன்பிடி வலையே கட்டலாம், இந்த ஊரில் அதைப் பின்னத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, பார்க்கவும் அழகாக இருக்கும். இடுப்புப் பட்டி வைத்த உயர நாற்காலி இரண்டு வேண்டும். பட்டி அறுந்துபோன நாற்காலியைத் தூக்கி வந்து தராதீர்கள். படிக்கட்டுகளில் ஒரு சின்ன விளக்கு. உடையாத தம்ளர் நாலு. மெனுவில் அரைத் தட்டுச் சோறும் மீனும் ஒரு விலையில். பிள்ளைக்கு உடுப்பு மாற்ற ஒரு பலகை, அதுவும் பெண்கள் பக்கம் மட்டும் இல்லாமல் அப்பாமார் போகக்கூடிய இடத்தில். என் கணவர் இரண்டு தடவை வாகனத்தின் பின் சீட்டில் வைத்துத்தான் மகனுக்கு மாற்றினார்.

பில் கட்டும்போது இவற்றில் இல்லாததை மனேஜரிடம் சொல்லிவிட்டு வருவது எங்கள் வழக்கம். சண்டைக்குச் சொல்வதில்லை, அடுத்த முறை வருவோம் என்று சொல்லித்தான் சொல்வோம். ஓர் இடத்தில் நாற்காலிக்குப் பட்டி போட்டுவிட்டார்கள். வலைதான் இன்னும் கட்டவில்லை. இந்த மாதம் மகளின் பிறந்தநாளுக்கு அங்கேதான் போகிறோம், மறுபடி கேட்பேன்.